முனியன் வீட்டைத் தாண்டி

பெரு நாட்டுத் துறைமுகம்
3.2.1984

அன்புள்ள செந்தாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? உன் கடிதம் ஒன்றரை மாதம் கழித்துக் கைக்கு வந்தது. பாதிக்கு மேல் என்னைத் திட்டியிருந்தாய். இரண்டு முறை படித்தேன்.

இங்கே கப்பலில் மீன் தூள் ஏற்றுகிறோம். மூட்டை தூக்குகிறவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். கோக்கா என்று ஓர் இலையை, நாம் வெற்றிலை போடுவதுபோல், சுண்ணாம்போடு கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். பசி தெரியாதாம். முப்பாட்டன் காலத்துப் பழக்கம் என்கிறார்கள். அந்த இலையிலிருந்துதான் கொக்கேன் என்ற வெள்ளைப் பொடியை எடுக்கிறார்களாம்.

இன்ஜின் ரூமில் ஆள் குறைவு. நானும் நம் தெருமுனை முனியனும் நான்கு பேர் வேலையைச் செய்கிறோம். ஒரு மாலுமி எனக்கு அந்தப் பொடியைக் கொடுத்தான். மூக்கால் இழுத்தால் அலுப்பே இல்லை. முனியன் வேண்டாம் என்கிறான். பயந்தவன். அவன் சுகமாக இருப்பதாக அவன் மனைவி ஜெயம்மாளிடம் சொல்.

சளியோ என்னவோ, மூக்கில் அவ்வப்போது ரத்தம் வருகிறது. பயப்படாதே.

உன்
தேவராஜ்

*

அமிர்தி
25.3.1984

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.

அது சளி இல்லை, மாமா. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கண் முகாம் நடத்த வேலூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். அந்தக் காலத்தில் கண் ஆபரேஷனுக்கு அந்தக் கொக்கேனைத்தான் கரைத்துச் சொட்டு விடுவார்களாம். கண் மரத்துப் போகுமாம். சீமையில் டானிக்கில்கூடக் கலந்து விற்றார்களாம். வெள்ளைக்காரன் ஆட்சியில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வெற்றிலைக்குள் வைத்துத் தின்று, பல் கறுத்து, புத்தி பேதலித்துப் போனவர்கள் ஏராளமாம்.

"மூக்குக்குள்ள நடுத்தண்டே ஓட்டை விழுந்துடும்மா. அதுகூடப் பரவாயில்ல. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சா, இருபது வயசுக்காரனுக்கும் நெஞ்சு நின்னுடும்," என்றார்.

அலுப்பு உடம்பில்தான் இருக்கிறது, மாமா. பொடி அதை உங்களுக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்படிக்கு
செந்தாமரை

*

கப்பலில்
2.6.1984

செந்தா,

உன் கடிதம் முனியன் இருக்கும்போதே வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அவன் செத்துப்போனான். மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை ஷிப்டில். மூன்று நாளாக அவனுக்கு ஓய்வு இல்லை. "கண்ணு இருட்டுதுடா தேவராஜு," என்றான். பொடியை நான்தான் கொடுத்தேன். அன்றைக்கும் வேண்டாம் என்றான். "ஒரு தபா இழு, ஒண்ணும் ஆவாது," என்று நான்தான் வற்புறுத்தினேன். மத்தியானத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உடம்பு அனலாகக் கொதித்தது.

மருந்து கொடுக்கிற ஆபீசர் ஓடி வந்து, "என்ன சாப்பிட்டான்? எதாவது எடுத்தானா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். முனியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் எழவில்லை.

அவன் உடம்பைக் கடலில் விட்டோம்.

எனக்குத் தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். இனி தொடமாட்டேன். ஜெயம்மாளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

தேவராஜ்

*

அமிர்தி
18.7.1984

மாமாவுக்கு,

கம்பெனி அனுப்பிய இங்கிலீஷ் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெயம்மாள் என்னிடம் வந்தாள். மாரடைப்பு என்று போட்டிருந்தது. படித்துச் சொன்னேன்.

"இன்னாக்கா இது? முப்பத்திரண்டு வயசு. மலை மேல வெறகு தூக்கினு ஏறுன மனுசன். நெஞ்சு நின்னு பூடுமா?" என்று கேட்டாள்.

மூன்று நாள் தினமும் வந்து அதையே கேட்டாள். நான்காவது நாள் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத மாட்டேன்.

அவள் அழவில்லை. "ஆபீசர் கேட்டப்போ சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?" என்றாள். தெரியாது, ஒரு வழி இருந்திருக்கலாம் என்றேன். "உன் வூட்டுக்காரரே வந்து எங்கிட்ட சொல்லட்டுங்கா," என்று போய்விட்டாள்.

கப்பல் மெட்ராஸ் வந்ததும் வாருங்கள். முதலில் அவள் வீடு. நானும் கூட வருகிறேன். பிறகு வேலூருக்குக் கூட்டிப்போய் உங்கள் இருதயத்தைக் காட்டலாம். நான் உங்களைக் கைவிடவில்லை.

செந்தாமரை

*

வேலூர் பஸ் ஸ்டாண்டு
6.9.1984

செந்தா,

இன்று பகல் அமிர்திக்கு வந்து இறங்கினேன். முனியன் வீட்டைத் தாண்டித்தானே நம் வீட்டுக்கு வரவேண்டும்? புளியமரத்தடி வரை வந்தேன். ஜெயம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நின்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

தொடமாட்டேன் என்று எழுதினேன் அல்லவா? பொய். பஸ்ஸில் ஏறியதும் இழுத்தேன்.

கப்பலுக்கே திரும்பிப் போகிறேன். பாப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே.

தேவராஜ்

*

அமிர்தி
11.9.1984

உங்களுக்கு,

இது எந்தத் துறைமுகத்தில் உங்கள் கைக்கு வருமோ தெரியாது. வராமலும் போகலாம்.

நீங்கள் வந்து திரும்பியதை ஜெயம்மாளிடம் சொல்லப் போனேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"பாத்தேங்கா. ஆளே பாதியா பூட்டாரு. புளியமரத்தாண்ட ரொம்ப நேரம் நின்னாரு," என்றாள். பிறகு, "தானா வரணுங்கா. கூப்ட்டா வந்துடுவாருன்னுதான் கூப்பிடல," என்றாள்.

செந்தாமரை