மச்சான், உன் கம்பியில் என் பேர் இருக்கு

என் ஆசை மச்சான் தேசப்பனுக்கு,

நீ போய் பதினேழு நாளாச்சு. மூணாங்கிளாஸ் கை, எழுத்து கோணலாத்தான் வரும். சிரிக்காதே. ஆளுங்களைச் சிரிக்கவைக்கிறது என் வேலைதான். இன்னிக்கு அது இல்லை.

தகர டின் அடிக்கிற நம்ம பிரஸ்ஸு கப்பல்ல வந்த மிஷினு. அதுல இருந்த பித்தளைத் தகட்டைக் குமாஸ்தாவைக் கூட்டியாந்து படிக்கச் சொன்னே, ஞாபகம் இருக்கா? ஐம்பது வருஷம் முன்னால ஒரு வெள்ளைக்காரன் இதைக் கண்டுபிடிச்சு, சர்க்காரில் பேட்டண்டு வாங்கி, தன் பேரைப் பொறிச்சிருக்கான்னு அவர் சொன்னார். அன்னிலேர்ந்து தினம் காலையில அந்தத் தகட்டைத் துடைப்பே. அவன் உனக்குத் தாத்தாவான்னு நான் கேட்டேன்.

அப்புறம்தான் நீ அந்தக் கம்பியைப் பண்ணினே. பெடலை மிதிச்சா, தகரத்தை வெட்டுற அச்சு மேலேருந்து இறங்குறதுக்குள்ள கம்பி குறுக்கே வந்து கையைத் தள்ளிவிடும். பொண்டாட்டிக் கம்பின்னு பேர் வெச்சது நான். அடுப்படியில வடையில கை வெச்சா தட்டிவிடுவாளே, அப்படி. மச்சானைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இல்லையா?

துரை வந்து பாத்தார். இது யார் வேலைன்னு குமாஸ்தா கேட்டார். கம்பெனி இரும்பைக் கேக்காம வெட்டின பயத்துல நீ என் பின்னால ஒதுங்கினே. நான் முந்திக்கிட்டேன். "நான்தான் தொரே. இவன் வெரலு துண்டாப் பூட்டா இவன் தங்கச்சி எனக்குச் சோறு போடமாட்டா." எல்லாரும் சிரிச்சாங்க. திட்டு விழுந்தா என்மேல விழட்டும்னுதான் சொன்னேன். அது சத்தியம்.

திட்டு விழலை. மேஸ்திரி வேலை கிடைச்சது. எல்லா பிரஸ்ஸுலயும் அதே மாதிரி கம்பி மாட்டி, வெள்ளைப் பெயிண்டுல என் பேரை எழுதினாங்க. அப்பவாச்சும் வாயைத் திறந்தேனா? நாளைக்கு, நாளைக்குன்னு நாலு வருஷம் ஓட்டிட்டேன். ஒருநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல நிக்கிறப்ப நீயாத்தான் சொன்னே: "இருக்கட்டும் மச்சான். நீ மேஸ்திரியா கீறது என் தங்கச்சி வூட்டுக்குத்தானே நல்லது." எனக்கு அப்பவும் ஒரு கிண்டல்தான் வாயில வந்தது. அதை இங்க எழுத வெக்கமா இருக்கு. மறுநாள்லேர்ந்து நீ தகட்டைத் துடைக்கலை. பாத்தேன். பாக்காத மாதிரி நடந்தேன்.

நேத்து உன் காரியத்துக்குப் பட்டறை ஆளுங்க வந்தாங்க. பந்தியில எழுந்து நின்னு, அந்தக் கம்பி என்னுது இல்லை, தேசப்பன் பண்ணதுன்னு சொன்னேன். சிரிச்சாங்க மச்சான். சாவு வூட்டுலகூட இந்தாளு கிண்டலை வுடமாட்டான்பான்னு சொன்னான் ஒருத்தன். மறுபடி சொன்னேன். இன்னும் சிரிச்சாங்க. சாம்பார் வாளியோட நின்ன உன் தங்கச்சி மட்டும் சிரிக்கலை. "அப்ப எங்கண்ணன் பேரு எங்கய்யா?"ன்னு கேட்டா.

அதனாலதான் இந்த எழுத்து. நம்ம தொழிலாளர் சங்கத்துப் பலகையில ஒட்டுறேன்; என் மூஞ்சியைப் பாக்காம படிக்கட்டும். திங்கக்கிழமை துரை ரூமுக்குப் போய் இதையே சொல்லுவேன். மேஸ்திரி வேலை போனா போகட்டும். அங்கயும் சிரிச்சா செவ்வாய்க்கிழமை போவேன். சிரிப்பு நிக்கிற வரைக்கும் போவேன்.

உன் தங்கச்சியைக் கட்டின
முனுசாமி