இரண்டு ஊரிலும் கூலி ஏறிவிட்டது

சேந்தமங்கலம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள நவீனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாற்பதாயிரம் கோழிகளும் சுகம், அங்கே நீ ஒருவன் சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பார்சலிலேயே இதையும் போட்டுவிடுகிறேன்.

போன மாதம், நீ இருக்கும் நாட்டு அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றியதில் ரொட்டிக் கடையில் உனக்கும் ஏறியது என்று சொன்னாய் அல்லவா, அன்றைக்கே உன் அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். நானும் சும்மா இருக்காமல் இரண்டு கிலோ லட்டு வாங்கிப் பண்ணையில் வேலை செய்யும் ஒன்பது பேருக்கும் கொடுத்தேன். கொடுத்த நேரம்தான் சரியில்லை. அதே வாரம் இங்கேயும் கூலியை ஏற்றி உத்தரவு வந்திருந்தது, நானும் முந்தின நாள்தான் அந்த ஒன்பது பேரையும் நிற்கவைத்து, முட்டை விலை கிடக்கிற கிடையில், தீனிக்கான மக்காச்சோளம் விற்கிற விலையில் இது கட்டுபடியாகாது, பண்ணையை மூட வேண்டியதுதான் என்று அரை மணி நேரம் பேசியிருந்தேன். முட்டை எடுக்கிறவர்களில் மூத்தவள் கந்தம்மாள், லட்டை வாங்கிக்கொண்டு, தம்பிக்கு எவ்வளவுங்க ஏத்துனாங்க என்று கேட்டாள். பெருமை யாரை விட்டது, இப்போது மணிக்கு நம் காசுக்கு ஆயிரத்துச் சொச்சம் என்றேன். அது அவளுக்கு இரண்டு நாள் கூலி. அவள் அசரவில்லை. "ஏனுங்க, அந்த ஊரு மொதலாளிக்குக் கட்டுபடியாகுதுங்களா?" என்றாள். ஆகாமல் எப்படி, உழைக்கிறவனுக்குக் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒன்பது பேரும் லட்டைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள்.

கூலியை ஏற்றிக் கொடுத்தேன், நான் சட்டத்தை மீறாத நல்ல மனிதன் அல்லவா. காலை டீ மட்டும் நின்றது. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஓடு கீறிய முட்டையும் நின்றது, அதை பேக்கரிக்குப் போடுகிறேன். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, முன்பெல்லாம் இருட்டினாலும் தீனி போட்டுவிட்டுப் போவார்கள், இப்போது ஐந்தரை ஆனால் கையில் இருக்கும் முட்டை அட்டையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கூலி ஏறினால் ஊரே நாசமாகும் என்று என்னோடு சேர்ந்து புலம்பிய மளிகைக்கடை அன்பரசு இப்போது வாயே திறப்பதில்லை, சனிக்கிழமை அவன் கடையில் நிற்க இடமில்லை. நம் ஆட்களே அங்கே காசு கொடுத்து முட்டை வாங்குகிறார்கள், அதுவும் பக்கத்துப் பண்ணை வேலுசாமியின் முட்டை. அந்த வேலுசாமியோ, முட்டை தானாக உருண்டு வரும் பெல்ட்டைப் போட்டு நாலு பேரை நிறுத்திவிட்டான். "ஒருக்கா காசு போட்டுட்டா அது கூலியும் கேக்காது, கேள்வியும் கேக்காதுங்க மாமா" என்றான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நானும் பெல்ட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கை மெதுவாகிவிட்டது என்று முதலில் கந்தம்மாளை நிறுத்த முடிவு செய்தேன். அவள் மகள் நித்யஸ்ரீ நர்சிங் இரண்டாம் வருஷம் படிப்பதை நினைக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அவள் வாசலில் நிற்கும்போதுதான் உன் போன் வந்தது. கூலி ஏறியதால் முதலாளி வாரத்துக்கு இருபது மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கிவிட்டான், வாடகைக்கே இழுக்கிறது என்று சொன்னாய். அம்மா அழுதுவிட்டாள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறானே, பிள்ளை என்ன தின்பான், இவனெல்லாம் மனிதனா என்று நான் அந்த ரொட்டிக் கடைக்காரனைத் திட்டிய திட்டு கொல்லிமலைக்கே கேட்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற கந்தம்மாள், "அளுவாதீங்கம்மா, தம்பிக்கு வேற எடம் கெடைக்குமுங்க" என்று உன் அம்மாவைத் தேற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னைய எதுக்குங்க வரச் சொன்னீங்க?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது சாமி. ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. ஒன்றுமில்லை, கீறின முட்டை நிறையக் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன். அவள் பையைத் திறந்துகொண்டே, எவ்வளவுங்க ஆச்சு என்று கேட்டாள்.

பெல்ட்டுக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முன்பணம் போனது போனதுதான். அடுத்த வருஷம் மனசு எப்படி இருக்குமோ தெரியாது, முட்டை விலையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். உன் வாடகைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். வயிற்றைக் காயப்போடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். பெருமாள் உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். வெளிதேசத்தில் கூலிக்குப் போகும் பிள்ளை யாராவது உன் முதலாளிக்கும் இருக்கிறார்களா என்று விசாரித்து எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா சென்னிமலை