ரெஜியின் நன்றிக் கடிதம்

ஜன. 25, வியாழன்

காலையில் தூறல். துணி காயவில்லை. அரிசி, தேங்காய், சவர்க்காரம் வாங்க வேண்டும்.

தங்கச்சி ரெஜியின் வருத்தத்துக்கு இன்று ஒரு பெயர் கிடைத்தது. கிளினிக்கில் டொக்டர் அம்மா எழுதித் தந்தார்: ஹிஸ்ட்ரியோனிக் பெர்சனாலிட்டி டிசோடர். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். நாடகம் சம்பந்தப்பட்டது என்று போட்டிருக்கிறது. “நாடகம் போடாதே” என்று பத்து வயதிலிருந்து அவளை ஏசி வந்தவள் நான். இப்போது அவளுக்கு முப்பத்தொன்று.

ஆனால் டொக்டர் சொன்னது வேறு. “நடிக்கிறா எண்டு நினைக்காதீங்க. ஆக்கள் பார்க்காட்டி, தான் இல்லாமலே போயிடுவன் எண்டு அவவுக்குப் பயம்.”

அதற்கென்று மாத்திரை இல்லையாம். வியாழன்தோறும் வந்து கதைக்க வேண்டும். வருடமும் ஆகலாம். எனக்கும் வேலை தந்தார். கொப்பியில் மூன்று பத்தி பிரித்து எழுத வேண்டும்: முன்னே நடந்தது, அவள் செய்தது, நாங்கள் செய்தது. அவள் வழக்கம்போல் மயங்கி விழுந்தால் அடிபட்டதா என்று பார்த்துவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். சும்மா இருக்கிற நேரத்தில் போய்க் கதைக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. நேராகக் கேட்டு, உடனே தனக்குச் சொல்ல வேண்டும்.

வரும் வழியில் பஸ்ஸில் ரெஜி: “டொக்டருக்கு என்னில நல்ல விருப்பம். கண்டனீங்களா, என்னோட மட்டும்தான் அவ்வளவு நேரம்.”

ஜன. 28, ஞாயிறு

பூசைக்குப் பிறகு என் கணவருடைய தம்பி குடும்பம் சாப்பாட்டுக்கு. பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். தம்பி மகளின் பள்ளிக்கூடச் சோதனை முடிவைப் பற்றி எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தோம். ரெஜி கோப்பையோடு எழும்பினாள், சரிந்தாள். கோப்பை உடையவில்லை. அவள் விழும்போது ஒருநாளும் எதுவும் உடைவதில்லை.

டொக்டர் சொன்னது நினைவுக்கு வரும் முன்னமே நான் தண்ணீரோடு ஓடிவிட்டேன். இவர் சோற்றைப் பிசைந்தபடி, “ஓடு, ஓடு. பெரிய தேர்தான் சரிஞ்சு போச்சு” என்றார். சிரித்துவிட்டேன். தேவன் மன்னிக்க.

ஜன. 30, செவ்வாய்

புனிதருக்குச் செவ்வாய்தோறும் நடக்கும் நவநாள் பூசை. வெயில். கோயிலில் நிற்க இடமில்லை.

பிழை என்னுடையது. விண்ணப்பப் பெட்டியில் சீட்டுப் போடுகிறவர்கள் “ஒரு சகோதரி” என்றுதான் எழுதுவார்கள். நான் பெயரும் இடமும் எழுதிவிட்டேன். இத்தனை ஆயிரம் சகோதரிகளுக்குள் புனிதர் யாரென்று தேடுவார்? வாசிக்கிற ஐயா அப்படியே வாசித்தார். “கொட்டாஞ்சேனை ரெஜினாவின் மன அமைதிக்காக.”

ரெஜி எழுந்து நின்றாள். முக்காடு சரிய, கன்னத்தில் கண்ணீர். முழுக்கோயிலும் திரும்பிப் பார்த்தது. முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கீழ்வீட்டுப் பிலோமினா அவள் கையைப் பிடித்து, “முகத்தில ஒரு வெளிச்சம், பிள்ளை!” என்றாள்.

இரவு முழுக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

பெப். 1, வியாழன்

கிளினிக் போகவில்லை. “எனக்குச் சுகம் அக்கா. சுகமான ஆள் ஏன் வருத்தக்காரரோட வாங்கில குந்திக்கொண்டு இருக்க வேணும்?” கெஞ்சினேன், ஏசினேன். கதவைப் பூட்டிக்கொண்டாள்.

புனிதருக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறாளாம். அடுத்த நவநாளில் வாசிக்க.

கொப்பியைப் பார்த்தேன். ஏழு நாள் கணக்குத்தான், ஆனாலும் மூன்றாவது பத்தியில் ஒரே சொல். ஓடினேன், ஓடினேன், ஓடினேன். ஒன்றும் நடக்காத நாட்களில் அந்த இடம் வெறுமை. அந்த நாட்களில் அவளோடு என்ன கதைத்தேன்? “சாப்பிட்டியா” என்றாவது கேட்டேனா? நினைவில்லை. ஜெபமாலை சொல்ல உட்கார்ந்து, பாதியில் எழுந்து அடுப்பைத் துடைத்தேன்.

பெப். 5, திங்கள்

புழுக்கம். மின்விசிறி சத்தம் போடுகிறது.

கண்ணாடிக்கு முன்னால் கடிதத்தை வாசித்துப் பழகுகிறாள். மூன்று வருடம் நடக்க முடியாமல் கிடந்தாளாம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேனாம்.

“ரெஜி, நான் எப்ப உன்னைத் தூக்கினனான்?”

“அப்படி எழுதினாத்தானே அக்கா ஆக்களுக்கு விளங்கும்.”

இவர் சொல்கிறார், “விடும். பிள்ளை சந்தோஷமா இருக்கட்டும்.” சந்தோஷம்தான். அது முடிந்து புதன்கிழமை? இன்னும் பெரிய அற்புதம் ஒன்று வேண்டியிருக்கும். இனிக் கிளினிக் வாசலை மிதிக்கவே மாட்டாள்.

பின்னேரம் பேக்கரியில் பாண் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். வாசிக்கிற ஐயாவிடம், “இனிப் பெயர் வாசிக்க வேண்டாம் ஐயா” என்று கேட்டுக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. பாண் வாங்கவும் மறந்துவிட்டேன்.

பெப். 6, செவ்வாய்

வாசித்தார். “நெடுநாள் நோயிலிருந்து சுகம்பெற்ற ஒரு சகோதரி நன்றி கூறுகிறார்.” அவ்வளவுதான். அடுத்தது யாரோ தொலைத்த கடவுச்சீட்டு.

பாதி எழும்பியிருந்தவள் அப்படியே மறுபடி அமர்ந்துவிட்டாள். யாரும் திரும்பவில்லை. விழுவாள், விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் பிலோமினாவும் இவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் போனேன். கட்டிலில் ரெஜி, கையில் பனடோல் மாத்திரை அட்டை. ஒன்றும் உடைக்கவில்லை. எண்ணினேன், பன்னிரண்டும் இருந்தன.

ஓடவில்லை. பக்கத்தில் இருந்தேன்.

“ரெஜி, சாக நினைக்கிறியா?”

திடுக்கிட்டுப் பார்த்தாள். இதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“இல்லை அக்கா... வெளியில எல்லாரும் சிரிக்கினம். நான் இல்லாமலே எல்லாம் நல்லா நடக்குது.”

டொக்டருக்கு டெலிபோன் எடுத்தேன். அவளோடு கால் மணி நேரம் கதைத்தார். பிறகு என்னிடம், வியாழனன்று எல்லோருக்கும் முன்னே வரச் சொன்னார். அதுவரை அவளைத் தனியே விட வேண்டாமாம். மருந்தெல்லாம் இவருடைய பெட்டியில் பூட்டியாயிற்று. அவள் பக்கத்தில் பாய் போட்டேன்.

பெப். 7, புதன்

கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம், இருவரும். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

“பெயர் வாசிக்க வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்.”

புயல் வரும் என்று காத்திருந்தேன். தண்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள்.

“அப்ப, நான் விழுவன் எண்டு பார்த்துக்கொண்டா இருந்தனீங்க?”

“ஓம்.”

“நானும்தான்” என்றாள்.

கீரையில் உப்புக் கூடிவிட்டது. இவர் இரண்டு தரம் சொன்னார். இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

பெப். 8, வியாழன்

மழை இல்லை. ஆறு மணிக்கே எழுந்து குளித்தாள். சிவப்புச் சேலையை எடுத்தாள், வைத்தாள். நீலச் சட்டை. உதட்டுச்சாயம் பூசினாள்.

நானும் செருப்பைப் போட்டேன். வாசலில் மறித்தாள்.

“நீங்க வர வேண்டாம் அக்கா. அத்தான் கிளினிக் கேட் வரைக்கும் வரட்டும்.”

“ஏன்டி?”

“நீங்க பக்கத்தில இருந்தா உங்களுக்காகவும் அழ வேணும். எனக்குக் களைக்குது.”

ஏழரைக்குப் போனார்கள். பருப்பு ஊற வைத்தேன். ஜெபமாலை உருட்டினேன், மூன்றாவது பத்தில் எண்ணிக்கை தவறி மறுபடி தொடங்கினேன். நேரம் பத்து இருபது. இன்னும் காணவில்லை. இவர் டெலிபோன் எடுத்து, உள்ளேதான் இருக்கிறாள், வாசலில் நிற்கிறேன் என்றார்.

கொப்பியை எடுத்தேன். முன்னே நடந்தது: ஒன்றுமில்லை. அவள் செய்தது: போனாள். நாங்கள் செய்தது: வீட்டில் இருந்தேன்.

நான்கு தரம் பல்கனிக்குப் போய்ப் பார்த்ததை எழுதவில்லை.