பிடி அரிசி எடுக்காத நாள்

அக்கா,

இன்றும் மழை. விடியும் முன் பெரட்டுக்குப் போய், பேர் கூப்பிடுவதற்காக இருட்டில் வரிசையாக நின்றோம். கங்காணி வானத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், "வெட்டு இல்ல, போங்க" என்றான். ஈர ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. இது உனக்குத் தெரியாததா?

லயத்து வீட்டுக்குத் திரும்பி, உலர்ந்த கைலி தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஒட்டுப்பால் நாற்றம், வெட்டில் உறைந்த ரப்பரின் அதே நாற்றம், முகத்தில் அடித்தது. அடியில், தண்ணீருக்குள் பார்க்க நீ மாட்டிக்கொண்ட கடல் கண்ணாடி கிடந்தது. மரச்சட்டத்தைச் சுற்றி நீ அழுத்தி ஒட்டிய ரப்பர் இளகிப் பிசுபிசுத்துப்போய், என் சட்டை ஒன்றைக் கவ்விப் பிடித்திருக்கிறது. பிய்த்தால் சட்டை கிழியும். அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது. மழையில் சும்மா இருப்பதைப் போல அலுப்புத் தரும் வேலை வேறு இல்லை.

ரப்பர் விலை விழுந்ததும் பாதிப் பேரைத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். பலரைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பாலிருந்த சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். அத்தான் கடற்கரைக்காரர் என்பதால் நாம் தப்பினோம். மெர்சிங் துறையில் தவுக்கே ஒருவர், சீன முதலாளி, தன் பழைய பாய்மரப் படகை அவரிடம் விட்டார். தீவுகளிலிருந்து தேங்காயும் விறகும் ஏற்றி வர வேண்டும். நீ, அத்தான், நான், மூன்று பேருக்கும் அந்தப் படகே வீடானது. மணல் நிரப்பிய தகரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாய். அதன் பக்கத்திலேயே உன் மழைப்பானையையும் வைத்தாய்.

லயத்துப் பெண்கள் எல்லோரிடமும் அந்தப் பானை உண்டு. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுத்து, வெட்டு இல்லாத நாளுக்காக அதில் போட்டு வைப்பீர்கள். "கடல்ல என்னக்கா மழை நாளு?" என்று நான் கேட்டேன். "எங்க போனாலும் மழை பெய்யும்டா" என்றாய். மழை நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டிய துரை பங்களாவில் இருந்தான். அந்தக் கூலியை நீங்கள் உங்கள் சோற்றிலிருந்தே கொடுத்துக்கொண்டீர்கள். அன்றே எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கு வரவில்லை. அதற்கும் சேர்த்து எனக்கு வந்தது.

காற்று நின்றுபோன அந்த நாளைச் சொல்கிறேன். சிபு தீவின் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்தோம். படகு நிறையத் தேங்காயும் விறகும். பாய் துவண்டு தொங்கியது. தோட்டத்தில் ஆளை எழுப்பும் தப்புச் சத்தம் கேட்காத இடத்திலும் நீ இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"படு புள்ள. காத்து எழும்புற வரைக்கும் வேலையில்ல" என்றார் அத்தான்.

"வேலையில்லன்னு சொல்லாதீங்க. வேலையில்லன்னா சோறில்ல."

உன் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தோட்டத்தைத் திரும்பத் திறக்கிறார்கள், வருகிறவர்களுக்குப் பழைய லயத்து வீடு உண்டு என்று கங்காணி ஆள் விட்டிருந்தான். மெர்சிங் போய்ச் சேர்ந்ததும் பதில் சொல்ல வேண்டும். அத்தானுக்குப் போகவே ஆசை. தலைக்கு மேல் கூரை, கடனுக்கு அரிசி, நாலு தமிழ்ச் சனம். எனக்குச் செத்தாலும் போக விருப்பமில்லை. நீ எந்தப் பக்கம் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அந்தக் கண்ணாடியைத் தீவு மலாய்க்காரர் ஒருவர் கொடுத்திருந்தார். அதன் விளிம்பில் பூசியிருந்த பிசின் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. தோட்டத்திலிருந்து எதற்காகவோ மூட்டையில் கொண்டுவந்திருந்த ஒட்டுப்பால் உருண்டையை எடுத்து, வெயிலில் இளக்கி, விளிம்பு முழுக்க ஒட்டினாய். மூச்சு விடுவதற்காக, கரையில் ஒடித்த பப்பாளி இலைக்காம்பை வாயில் வைத்துக்கொண்டாய். கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, கயிற்றைப் பிடித்து இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாய். முதல் மூச்சில் உப்புத் தண்ணீர் குடித்து இருமினாய். அதற்குப் பிறகு தலை தூக்கவே இல்லை. கயிற்றை விட்டுவிட்டாய்.

"அலமாக்! பொணம் மாதிரி மெதக்குறாளே ஒங்க அக்கா" என்று அத்தான் கத்தினார்.

தலையைத் தூக்கி, காம்பை வாயிலிருந்து எடுத்து நீ சொன்னாய்: "பொணத்துக்குத்தான் தொரை லீவு குடுப்பாரு. கொஞ்சம் இருந்துக்கறேன், விடுங்க."

வெகுநேரம் கழித்துப் படகின் விளிம்பைப் பிடித்தாய். கண்ணைச் சுற்றி இரண்டு கறுப்பு வளையம். எனக்கு நினைவு தெரிந்து உன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"தம்பி, கீழ ஒரு தோட்டமே இருக்குடா. செவப்பு, மஞ்ச, ஊதான்னு செடி செடியா. நெரை புடிக்காம அதுபாட்டுக்கு மொளச்சிருக்கு. மீனெல்லாம் ஒண்ண ஒண்ணு தொரத்தாம மேயுது."

"கங்காணி இல்லியாக்கா?"

"இருக்கான். பொந்துக்குள்ள ஒருத்தன் ஒக்காந்திருக்கான். பெரிய வாயி, தொங்குன தாடை. யாரு லேட்டுன்னு மொறைக்கிறான்."

அத்தான் குத்துக்கம்பியோடு குதித்தார். மேலே வந்தபோது கம்பி முனையில் ஒரு பெரிய கலவா மீன் துடித்தது. உண்மையிலேயே நம் கங்காணியின் முகம்தான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"மாப்ளே, கங்காணியப் புடி! செதில் உரி!" என்றார் அத்தான். நான் உரித்தேன். எந்த வேலையையும் அவ்வளவு மனமாரச் செய்ததில்லை.

தவுக்கேயின் விறகில் தீ மூட்டி, தவுக்கேயின் தேங்காயை உடைத்துப் பால் பிழிந்தாய். மிளகாயும் மஞ்சளும் அரைத்தாய். அவசரமே இல்லாமல் செய்தாய். குழம்பு கொதிக்கும்போது இன்னொரு தடவை கடலில் இறங்கி மிதந்துவிட்டு வந்தாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அரிசி களைந்தாய்.

அப்போதுதான் அத்தான் கேட்டார்: "காத்து வந்ததும் மெர்சிங் போயிருவோம். கங்காணிக்கு என்ன சொல்றது? போறமா, இல்லியா?"

நீ அவரைப் பார்க்கவில்லை. களைந்த அரிசி முழுவதையும் உலையில் சரித்தாய். மழைப்பானை மூடியபடியே இருந்தது.

"புடி எடுக்க மறந்துட்டியே" என்றார் அத்தான்.

"மறக்கல."

"அப்ப நாளைக்கி?"

"நாளைக்கிக் கடல் இருக்கு."

உன் பதில் அவ்வளவுதான். அத்தான் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். சோறு வெந்ததும், "சரி, குந்து, சாப்புடுவோம்" என்றார். வேலை செய்யாத ஒரு நாளில் வயிறு நிறைந்தது எனக்கு அதுவே முதல் தடவை. நீ சட்டியை வழித்துத் தின்றாய். பிறகு பாயின் நிழலில் படுத்து, பட்டப்பகலில் தூங்கினாய். மாலையில் காற்று எழும்பியும் அத்தான் உன்னை எழுப்பாமலே நங்கூரத்தை இழுத்தார்.

கங்காணிக்கு "வரமாட்டோம்" என்று சொல்லியனுப்பினோம். ஆனால் வாடைக் காற்று யாரையும் கேட்டு வருவதில்லை. கடல் மலைபோல எழும்பிற்று. தவுக்கே படகைக் கரையேற்றிவிட்டு, காற்று மாறியதும் வரச் சொன்னார். அதுவரை எதைத் தின்பது? அவமானத்தோடு இங்கே திரும்பினோம். நமக்காகவே காத்திருந்தவன்போலக் கங்காணி சிரித்தான். லயத்துக்குள் நுழைந்ததும் நீ முதலில் செய்த வேலை, மழைப்பானையை அடுப்போரத்தில் வைத்தது. அன்றே ஒரு பிடி எடுத்துப் போட்டாய். நான் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை.

அந்த அடைமழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொய்னா மாத்திரை கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்றார். மழை விட்ட காலையில் உடம்பு கொதிக்கக் கொதிக்க நீ பெரட்டுக்குக் கிளம்பினாய். "படுத்துக்கக்கா" என்று கையைப் பிடித்தேன். "மழை தின்ன நாளே போதும்டா, நானும் திங்கணுமா?" என்று உதறிவிட்டுப் போனாய். உனக்கு வெட்டக் கொடுத்த மர நிரையின் நடுவில், மரத்தடியில் சாய்ந்துகிடந்தவளைத் தூக்கிவந்தோம். கண்ணைத் திறக்காமலே போய்விட்டாய்.

வாய்க்கரிசிக்கு வீட்டில் அரிசி இல்லை. லயத்தில் யாரிடமும் இல்லை, எல்லோருக்கும் அதே மழைதானே. மழைப்பானையைத் திறந்தேன். நீ எங்களுக்காக எடுத்து வைத்ததை அள்ளி அள்ளி உன் வாயில் போட்டோம்.

அத்தான் கப்பலேறி ஊருக்கே போய்விட்டார். கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீ வெச்சுக்க மாப்ளே, அவ சிரிச்ச சாமான்" என்றார்.

இப்போது அடுப்பில் உலை கொதிக்கிறது. அரிசி களைந்தேன். கை அதுவாகவே ஒரு பிடியைத் திருப்பி எடுத்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா, உன்னைப் பார்த்தே பழகியிருக்கிறது. அந்த அரிசியை உலையிலேயே போட்டுவிட்டேன்.

கேட்க அத்தான் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டாள். "என்னாய்யா, புடி எடுக்கலியா? நாளைக்கி என்ன பண்ணுவ?" என்றாள்.

உன்னைப் போலச் சொல்ல இங்கே கடல் இல்லை. நாளைக்குப் பெரட்டில் லயம் முழுக்கச் சேர்ந்து நின்று மழை நாளுக்கும் கூலி கேட்போம் என்று சொன்னேன். அவள் போகவில்லை. "யாரு மொதல்ல பேசுறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.