கடிதத்தில் விட்ட வரி

நவம்பர் 16, புதன்

காலையிலிருந்து தூறல். ரேஷன் கோதுமையைக் காயப்போட முடியவில்லை. மதியம் சென்னையிலிருந்து அண்ணன் கடிதம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வழக்கம்போல் நான் உரக்கப் படித்தேன். மாமாவும் கூட இருந்தார். மகள் சரசுவை அண்ணனுக்குத் தருவதாகச் சொன்னவர். அவன் மில் வேலையை விட்டு சினிமாவுக்குப் போனதிலிருந்து இழுத்தடிக்கிறார்.

எழுதியிருந்தது: "தீபாவளிக்கு வந்த உளவாளிச் சிரிப்புப் படத்தில் பிணமாக வருகிறேன். அம்மாவைக் கூட்டிப் போகாதே."

நான் படித்தது: "உளவுப் படை அதிகாரியாக வருகிறேன்."

"ஆப்பீசர் வேசமா?" என்றார் மாமா. "அப்பச் சரிங்க்கா. ஞாயித்துக்கெழம எல்லாருமாப் போயி பாத்துப்போடலாம்."

நவம்பர் 18, வெள்ளி

மழை விட்டது. போவதைத் தடுக்க யோசித்தவை: காய்ச்சல். டிக்கெட் கிடைக்காது. கொட்டகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். எதையும் சொல்லவில்லை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சோமனூரில் தறிச் சத்தத்தை மீறி அவள் குரல்.

சரசு வந்தாள். "தொப்பி போட்டிருப்பாருங்களா?"

"போட்டிருப்பான்."

இன்னொரு பொய்.

நவம்பர் 20, ஞாயிறு

கோயமுத்தூர். மேட்னி. போஸ்டரில் பதினோரு முகங்கள், எல்லாம் பெரிய நட்சத்திரங்கள். அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று படத்துக்குத் தெரியவில்லை. ஒட்டு மீசை, கறுப்புக் கண்ணாடி, ரகசிய வரைபடம், ஆளுக்கொரு பாட்டு. பின்வரிசையில் ஒருவர்: "இத்தன பேரு சேந்தும் ஒருத்தனச் சிரிக்க வெக்க முடியலீங்களே."

அம்மா ஒவ்வொரு தொப்பியாகத் தேடினாள். "இவனா கண்ணு? அவனா?"

இடைவேளைக்குப் பிறகு ஒரு பாடை. மாலை, நெற்றியில் காசு, வாய்க்கட்டு. அண்ணன். வரைபடம் பிணத்தின் மடியில் இருப்பதாக இரண்டு நகைச்சுவை நடிகர்கள் அவனைக் கிச்சுக்கிச்சு மூட்டித் தேடினார்கள். கொட்டகை அப்போதுதான் சிரித்தது. மாமாவும் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். அண்ணன் மூச்சே விடவில்லை. படத்தில் நன்றாக நடித்தவன் அவன் ஒருவன்தான்.

அம்மா எழுந்துவிட்டாள்.

ஊர் வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனாள். துக்க வீட்டிலிருந்து வந்தவளைப் போல, உடுத்த சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நான்கு குடம். மாமா வாசலைத் தாண்டவில்லை.

"பாடையில பாத்த மொகத்த மணவறையில எப்படீங்க்கா பாக்கறது? தப்பா நெனச்சுக்காதீங்க."

போகும்போது 'வாரேன்' சொல்லவில்லை. சாவு வீட்டில்தான் அப்படிப் போவார்கள்.

நவம்பர் 23, புதன்

சரசுவுக்குக் கிணத்துக்கடவில் வரன். தென்னந்தோப்பு இருக்கிறதாம். தலைவலி. மாமாவுக்காக, அம்மாவுக்காகப் பொய் சொன்னேன் என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன். எனக்காகத்தான். எம்.ஏ. படித்தவனுக்கு, பிணமாக நடிப்பவனின் தம்பியாக இருக்க வெட்கம்.

அம்மா சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

நவம்பர் 28, திங்கள்

மறுபடி தூறல். படத்தை எடுத்துவிட்டார்களாம், நிஜமாகவே. அண்ணன் கடிதம். அடுத்த படத்திலும் பிண வேடம். மூச்சடக்கத் தெரிந்தவன் என்று பேர் வாங்கிவிட்டானாம். "பொங்கலுக்கு வருகிறேன். சரசு விஷயத்தை மாமாவிடம் பேசி வை. அம்மாவுக்குப் பிணம் என்று மட்டும் தெரிய வேண்டாம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சௌக்கியம் என்று எழுதியிருக்கிறான்" என்று ஆரம்பித்தேன்.

"இந்தவாட்டி ஒண்ணும் உடாமப் படி, கண்ணு."

படித்தேன். பிணம், பொங்கல், சரசு எல்லாம். ஒரு வரி விடவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடித்ததும் கையை நீட்டினாள். கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே?"

"வாத்தியாரூட்டுக்கு. இதை ஒருக்காப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கோணும்."