ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிடு

அன்பு மகளுக்கு,

சொல்வது அப்பா, எழுதுவது அம்மா. இங்கே எல்லாரும் நலம் என்று நான் ஆரம்பித்ததும் உன் அம்மா பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள், அதனால் முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே முழுசாக நலமாக இருக்க வேண்டும். பதறாதே, என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அவ்வளவுதான், ஆறு வாரத்தில் பிரித்துவிடுவார்களாம். பட்டறையை உன் மாமா பார்த்துக்கொள்கிறார், எடுத்த ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்பதைத் தவிர குறை ஒன்றும் இல்லை. உன் தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, எப்படி எழுதினாய் என்று கேட்டால் பேனாவால்தான் என்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் உன் பைக்கின் ஏபிஎஸ் ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிடு என்றேன், ஏன்ப்பா என்று கேட்டாய், சும்மாதான் என்று மழுப்பினேன், இப்பதான் வண்டி நல்லா நிக்குது விடுங்கப்பா என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. ரோடு அளக்கப் போகிற அந்த ஜல்லிப் பாதையில் பிரேக் பிடித்தால் கையில் துடிக்கிறது, வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது என்று நீ சொன்னபோது, ஃப்யூஸைப் பிடுங்கிப் போடு, பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கிற அந்த ஏபிஎஸ் கை பழகாதவர்களுக்கு வைத்தது, நீ மெக்கானிக் பெற்ற பெண் என்று பெருமையடித்தவன் நான்தானே.

உன் மாமா அதை நம்பவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று பட்டறைக்குப் பின்னால் லாரிகள் ஜல்லி கொட்டுகிற இடத்தில் என் வண்டியை ஓட்டினேன். நின்ற இடத்திலெல்லாம் மாமா ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை ஊன்றி வைத்தார். ஏபிஎஸ் இருந்தபோது இரண்டு வண்டி நீளம் தள்ளித்தான் நின்றது, ஃப்யூஸைப் பிடுங்கியதும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஜல்லியைக் குவித்து முன்னாடியே நின்றது. பத்துத் தடவையும் அப்படித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும் ஒரு தடவை பாருங்கள் மச்சான் என்று ஃப்யூஸ் இல்லாமலே வேகமாக வந்தேன். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்ல உன் அம்மா லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பார்த்ததும் முன்பிரேக்கை ஒரே பிடி. முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிட்டது, நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். வண்டி சரிந்துகொண்டே போய் அவளுக்கு ஒரு கை நீளம் முன்னால் நின்றது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மாமா தேற்றுகிறார், அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு இன்னும் ஆறுதலாக இருக்கும்.

முப்பது வருஷம் பிரேக் பார்த்தவனுக்கு இப்போதுதான் புரிகிறது. எங்கே பிடிக்கப் போகிறோம் என்று அந்தப் பத்துத் தடவையும் என் கைக்குத் தெரியும், அதனால் அளந்து பிடித்தது. பதினொன்றாவது தடவை தெரியாது. உன் பாதையில் மாடோ லாரியோ குறுக்கே வரும்போது உன் கைக்கும் தெரியாது. ஏபிஎஸ் போட்டால் ஜல்லியில் தள்ளித்தான் நிற்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நிமிர்ந்து நிற்கும். அந்த இரண்டு வண்டி நீளத்தை வேகத்தைக் குறைத்து நீயே முன்கூட்டிக் கொடுத்துவிடு. நான் சொன்னது தப்பு, கண்ணு. இதைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு, ஹெல்மெட் வாரை இறுக்கிப் போடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

அம்மா எழுதுவது: அப்பா சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிவிட்டேன், ஒரு இடத்தில் மட்டும் திருத்தம். கை நீளமெல்லாம் இல்லை. வண்டி என் செருப்பைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது, அவர் விழுந்து கிடந்ததால் பார்க்கவில்லை, நானும் இதுவரை சொல்லவில்லை. ஃப்யூஸைப் போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.