பதினொரு கிளை வாக்கியங்கள்

நாகர்கோவில்,
3 பெப்ருவரி 1931

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி ஞானபாய்க்கு,

இங்கு நானும் உன் மைனியும் பிள்ளைகளும் சுகம். மெட்ராஸ் டீச்சர் டிரெயினிங்குக்கு நீ எழுதி, சரிபார்க்கச் சொல்லி அனுப்பிய இங்கிலீஷ் விண்ணப்பம் கிடைத்தது. வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ‘ஆறு வருஷமாகப் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நானும் இன்னும் படிக்க விரும்புகிறேன்.’ இதெல்லாம் ஒரு இங்கிலீஷா? ஆட்டுப் புழுக்கை மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டு வைத்திருக்கிறாய். அருமனைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவளுக்கு இங்கிலீஷ் தெரிந்தால் அவளும் இப்படித்தான் எழுதுவாள்.

இங்கிலீஷ் என்றால் ஒரு வாக்கியம் ஒரு பக்கம் நடக்க வேண்டும். கிளை வாக்கியத்துக்குள் கிளை வாக்கியம் வைத்து, வாசிக்கிறவன் மூச்சு முட்டி நிற்கும்போது வினைச்சொல்லைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். சிவப்பு மையில் மாற்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியே பார்த்துப் பகர்த்தி எழுதி அனுப்பு. சொந்தப் புத்தியைக் காட்டாதே.

உன் நலம் நாடும் அண்ணன்,
ஞா. ஞானதாசன்,
இங்கிலீஷ் ஆசிரியர்

அருமனை,
20 மார்ச் 1931

பிரியமுள்ள அண்ணனுக்குத் தோத்திரம்.

நீங்கள் மாற்றி எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அதனால் என் புழுக்கைகளையே அனுப்பிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

நேற்று எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசானி அம்மாள் கூப்பிட்டு, இந்த வருஷம் மிஷன் செலவில் போகிற ஒரே ஆள் நான்தான் என்று சொன்னார்கள். ஜூனில் புறப்பட வேண்டும். கூட வேலை பார்க்கும் நேசம்மாள் அக்கா, “ஏட்டி, நீ மட்டும் போறியா? பெரிய பெட்டியா வாங்கு, நானும் உள்ள ஏறி இருந்துக்கிடுதேன்” என்று கேலி பண்ணுகிறாள். என் வீட்டுக்காரர் இறந்துபோன பின் இந்த ஏழு வருஷத்தில் எனக்கென்று நடந்த நல்ல காரியம் இது ஒன்றுதான் அண்ணா. நீங்கள் ஆரல்வாய்மொழி வரைக்கும் கூட வந்து, ஜெபம் பண்ணி பஸ் ஏற்றிவிட வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
ஞானபாய்

அருமனை,
18 ஏப்ரல் 1931

பிரியமுள்ள அண்ணனுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகக்கேடு ஒன்றும் இல்லையே?

நம் பக்கத்தில் ஒருத்தருக்கு நல்லது நடந்தால் பின்னாலேயே மொட்டைப் பெட்டிஷன் வருமே, எனக்கும் வந்துவிட்டது. பெயரில்லை, கையெழுத்தில்லை, இங்கிலீஷில் டைப் அடித்து துரைசானி அம்மாளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷே தெரியாதாம், விண்ணப்பத்தை வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்களாம். விசாரித்து முடியும் வரை என் பயணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

காகிதத்தை என்னிடம் காட்டவில்லை. விஷயத்தை மட்டும்தான் சொன்னார்கள். ஆனால் எழுதினவனுடைய இங்கிலீஷை நினைத்து அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலாம் வகுப்பில் தோற்றவன் எழுதியிருப்பான் என்றார்கள். இவ்வளவு மட்டமாக எழுதுகிறவன் இங்கே யார் அண்ணா? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

தங்கச்சி,
ஞானபாய்

நாகர்கோவில்,
24 ஏப்ரல் 1931

ஞானபாய்க்கு,

நாலாம் வகுப்பில் தோற்றவன் என்றா சொன்னாள்? அந்த துரைசானி சீமையில் மாடு மேய்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அவளுக்கு என்ன இலக்கணம் தெரியும்? ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்குகிற இரண்டாம் பாராவை எடுத்து எண்ணிப் பார்க்கச் சொல். பதினொரு கிளை வாக்கியங்கள், ஒரே முதன்மை வினை! ஒரு காற்புள்ளியை அசைக்க முடியுமா அவளால்? இந்த ஜில்லாவில் அப்படி ஒரு பாரா எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள்? சிரித்தாளாம்!

எழுதினவன் எவனோ, படித்தவன். உன் பயணம் நின்றதும் நல்லதற்கே. பி.ஏ.யில் இரண்டு தடவை தவறிய அண்ணன் இங்கே மூன்றாம் பாரத்துப் பையன்களோடு மல்லுக்கட்ட, நீ டிரெயினிங் முடித்து வந்து நின்றால் கோயிலில் யார் முகத்தில் நான் விழிப்பேன்? அடங்கி இரு.

ஞா. ஞானதாசன்,
இங்கிலீஷ் ஆசிரியர்

அருமனை,
2 மே 1931

ஞானதாசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை துரைசானி அம்மாளிடம் கொடுத்தேன். அவர்கள் தமிழ் நன்றாக வாசிப்பார்கள். பெட்டிஷனைப் பக்கத்தில் வைத்து, இரண்டாம் பாராவில் விரலை ஊன்றி ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பதினொன்று சரியாக இருந்தது.

அவர்கள் சிரித்ததாக நான் எழுதியது பொய். நல்ல இங்கிலீஷ் என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டதுமே எனக்கு உங்கள் சிவப்பு மைதான் நினைவுக்கு வந்தது. நம் அண்ணனாக இருக்கக் கூடாதே என்று மூன்று நாள் முழங்காலில் நின்றேன். எழுதினவன் யார் என்று நான் கேட்டதற்கு நீங்கள் ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் சாகும் வரை நம்பியிருப்பேன். உங்களுக்குத் தங்கச்சி நாசமாய்ப் போவது பெரிதில்லை, உங்கள் பாராவை ஒருத்தி பழித்ததுதான் பொறுக்கவில்லை. சீ, இதுவும் ஒரு படிப்பா?

உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுதட்டுமா என்று அம்மாள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இரக்கப்பட்டு அல்ல, உங்களுக்காக ஒரு தாள் செலவாவதுகூட அதிகம்.

ஜூன் ஆறாம் தேதி புறப்படுகிறேன். பஸ் ஏற்றிவிட நேசம்மாள் அக்கா வருகிறாள், நீங்கள் வர வேண்டாம். மெட்ராஸ் விலாசத்தை மைனிக்கு மட்டும் எழுதுவேன். அவளிடமிருந்து அதைப் பிடுங்கி நீங்கள் எனக்கு எழுதினால், கீழே பெயரைப் போட்டு எழுதுங்கள்.

ஞானபாய்